ஒலிப்பதிவு அறைக்கு நீங்களே செய்யும், எதிரொலியை உறிஞ்சும் பேனல்

முட்டை அட்டையை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். மெல்லிய அட்டை உச்ச ஸ்தாயி ஒலிகளில்தான் கொஞ்சம் மாற்றம் தரும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி அப்படியே முழங்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

அதற்குப் பதில் ராக்வூல் ஸ்லாப், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பலகை, வாங்குங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. கனம் என்று கேளுங்கள். இரண்டை அடுக்கி 100 மி.மீ. ஆக்கினால் இன்னும் நல்லது. அதே அளவுக்கு மரச்சட்டம் அடித்து, உள்ளே பொருத்தி, துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தால் பேனல் தயார். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். ரெக்சின் வேண்டவே வேண்டாம். ஸ்லாபை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இழை பட்டால் தோல் அரிக்கும்.

முக்கியமான விஷயம், பேனலைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவு, அதனால் இழைகளுக்கு அங்கே வேலை இல்லை. 5 முதல் 10 செ.மீ. தள்ளி மாட்டினால் அதே பேனல் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் உறிஞ்சும். செலவே இல்லாத லாபம் இது.

சரி, எங்கே மாட்டுவது? நீங்கள் மிக்ஸிங் செய்யும் (பதிவான ஒலிகளைக் கலந்து சரிசெய்யும்) இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரிடம் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே முதல் பேனல். அப்புறம் அறையின் மூலைகளில் குறுக்காக வையுங்கள். பேஸ் அங்கேதான் தேங்கும். தெருச் சத்தம் இதனால் நிற்காது, அதற்குக் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும்.