கறுப்பின மேயர் வந்தால் வாக்காளருக்குத் தெம்பு கூடுகிறதா? அளந்து பார்க்கும் முறை

அமெரிக்க நகரம் ஒன்றில் கறுப்பினத்தவர் மேயராகி, வாக்குப்பதிவும் ஏறிவிட்டால் 'மக்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டுப் போடுவது வேறு, நம்ம பேச்சும் எடுபடும் என்ற நினைப்பு வேறு. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

முதலில் நினைப்பு. அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1952 முதல் கேட்டுவரும் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 'என்னைப் போன்றவர்கள் சொல்வது அரசாங்கத்தில் எடுபடாது', 'நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று அதிகாரிகள் கவலைப்படுவதில்லை'. 5 படிநிலைகளில் பதில் வாங்குங்கள். இரண்டுமே எதிர்மறை வாக்கியங்கள். 'ஒப்புக்கொள்ளவே மாட்டேன்' என்பவருக்குத்தான் 5 மதிப்பெண். இதை மறந்தால் முடிவு தலைகீழாகிவிடும். எதற்கும் தலையாட்டுகிறவர்களைப் பிடிக்க நேர்மறையாக ஒரு வாக்கியமும் சேருங்கள். பேட்டி எடுப்பவர் வெள்ளையரா கறுப்பினத்தவரா என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். அதற்குத் தனி நெடுவரிசை போடுங்கள்.

சாம்பிளில் கறுப்பினத்தவர் 50 பேர்தான் என்றால் பிழை வரம்பு (கிடைத்த விடை உண்மையிலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு) ஏறக்குறைய 14 சதவீதப் புள்ளி. 400 பேர் இருந்தால் 5.

அடுத்தது எது முன், எது பின் என்பது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சிகாகோவில் கறுப்பினத்தவரான ஹரால்டு வாஷிங்டன் 1983இல் மேயரானார். ஆனால் லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வாக்காளர்கள் பட்டியலில் சேர்ந்தது அதற்கு முன்பே. மேயர் வந்ததால் எழுச்சியா, எழுச்சியால் மேயரா? தேர்தலுக்கு முன் ஒரு சர்வே, பின் ஒன்று இல்லாமல் இதற்கு விடை கிடையாது. மேயர் 'உண்டு, இல்லை' என்று மட்டும் குறிக்காமல், எத்தனையாவது ஆண்டு என்றும் குறியுங்கள். முதல் வெற்றியின் வேகம் போகப்போகத் தணியும்.

ஒப்பிடும் தேர்தலும் ஒரே வகையாக இருக்கட்டும். மிசௌரி மாநிலத்து ஃபெர்குசனில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். 2014இல் ஆறு கவுன்சிலர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்தான். உள்ளூர்த் தேர்தல் ஏப்ரலில் நடக்கும், வாக்குப்பதிவு 12 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு, 2015 ஏப்ரலில் சுமார் 30 சதவீதம். கறுப்பினக் கவுன்சிலர்கள் மூவர். இதை நவம்பர் அதிபர் தேர்தலோடு ஒப்பிட்டால் கணக்கே கெட்டது.

கடைசியாக, 'ஓட்டுப் போட்டேன்' என்ற பதிலை அப்படியே நம்பாதீர்கள். போடாதவர்களும் போட்டதாகச் சொல்வார்கள். வாக்காளர் பதிவேட்டோடு சரிபாருங்கள். ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மாநிலங்களின் பதிவேட்டில் இனம் குறித்திருக்கும். சிகாகோ இருக்கும் இலினாயில் இருக்காது; அங்கே குடும்பப் பெயரையும் வசிக்கும் பகுதியையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.