மேல்சபை என்றால் மேலே இருக்கும் சபை இல்லை

தக்கலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "மேல்சபைன்னா அதுதானே மக்கா பெரிசு?" பலர் மனதில் இருக்கும் எண்ணம்தான். கோளாறு அந்தப் பெயரில் இருக்கிறது. மாநிலங்களவை என்று சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆட்சி நிற்பதும் விழுவதும் மக்களவையில். 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததும் அங்கேதான். பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவை பற்றியது) என்றால் மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம்.

அப்படியானால் மாநிலங்களவை சும்மா ஒரு அலங்காரம் என்று மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். சாதாரண மசோதா இரண்டு அவையிலும் நிறைவேற வேண்டும். ஒத்துவராவிட்டால் கூட்டுக்கூட்டம். மக்களவையின் 543 பேரும் மாநிலங்களவையின் 245 பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் யார் கை ஓங்கும் என்று சொல்லவா வேண்டும்? ஆனாலும் மசோதாவுக்காக அப்படிக் கூடியது 1961, 1978, 2002 என மூன்றே தடவை. அரசியலமைப்புத் திருத்தத்துக்கோ இந்த வழியே கிடையாது. மாநிலங்களவை முடியாது என்றால் முடியாதுதான்.

"ராஜ்யசபா எம்.பி.க்கு நாம ஓட்டே போடலியே" என்பார்கள். பாதி சரி. 2021 ஏப்ரல் 6 நினைவிருக்கிறதா? சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலும் நடந்தது. ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று நேராகத் தில்லிக்குப் போனது. இன்னொன்று நம் மாவட்டத்தின் ஆறு எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களும் சேர்ந்த 234 பேர்தான் தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள். ஆக, அந்த ஓட்டும் தில்லிக்குத்தான் போகிறது, கொஞ்சம் சுற்றுவழியில். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். அந்த அவையைக் கலைக்கவே முடியாது. அதனால் ஆட்சி மாறியதும் மாநிலங்களவையும் மாறிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம் எம்.பி.யிடம் மனு கொடுக்கும் விஷயம். தொகுதி மேம்பாட்டு நிதி இரு அவை உறுப்பினர்களுக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். மக்களவை உறுப்பினர் பொதுவாகத் தன் தொகுதிக்குள் செலவிடுவார். மாநிலங்களவைக்குத் தேர்வானவர் தன் மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு மாநிலங்களவை உறுப்பினரிடம் நூலகக் கட்டடம் கேட்டுக் கிளம்பிய சிலர், "அவரு நம்ம தொகுதிக்காரர் இல்லியே" என்று பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார்கள்.