நாப்பதுக்கு மேல பிடிச்ச வேலைக்கு மாறணுமா? பேப்பர் போடுறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க

வேலைய விட்டுட்டு பிடிச்சத பண்ணப்போறேன்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசி பேர் அதுல இருக்குற ஜாலியான பார்ட்ட மட்டும்தான் பாத்திருப்பாங்க. மிச்சத்தையும் பண்ணி பாத்துட்டு அப்புறம் பேப்பர் போடுங்க.

போட்டோகிராபிய எடுத்துக்குவோம். லீவு நாள்ல கேமராவ தூக்கிட்டு போய் இஷ்டத்துக்கு எடுக்குறது வேற, காசு வாங்கிட்டு ஒரு கல்யாணத்த எடுத்து குடுக்குறது வேற. ஓடி ஓடி எடுத்துட்டு வந்தா ஆயிரக்கணக்குல போட்டோ கெடக்கும், அதுல கண்ண மூடுனது, போகஸ் போனது எல்லாத்தையும் கழிச்சு, மிச்சத்துக்கு கலர் கரெக்‌ஷன் பண்ணிட்டு நடுராத்திரி உக்காந்திருக்கும்போது "ஆல்பம் எப்ப சார் வரும்"னு மெசேஜ் வரும், நீங்க பேலன்ஸ் காச கேட்டா மட்டும் ப்ளூ டிக்கோட நிக்கும். இதெல்லாம் பண்ணியும் அடுத்த ஆர்டர் எப்போன்னு மனசு கேட்டுச்சுன்னா தாராளமா மாறலாம். அதனால இப்ப இருக்குற வேலைல இருந்துகிட்டே, முன்ன பின்ன தெரியாத ஆளுங்களுக்கு, ஓசில இல்லாம காசுக்கு, ரெண்டு மூணு ஆர்டர் முடிச்சு குடுங்க. சொந்தக்காரங்க "சூப்பர்"னு சொல்றத கணக்குல சேக்காதீங்க. ஆனா மொதல்ல ஆபர் லெட்டர எடுத்து படிங்க, சைடுல சம்பாதிக்க கூடாதுன்னு நெறைய கம்பெனில கண்டிஷன் இருக்கும்.

அடுத்து காசு. கடைசி 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்ல செலவ கூட்டி 12ஆல வகுங்க, அதுதான் உண்மையான மாச செலவு. நாம மனசுல வச்சிருக்குற நம்பர் எப்பவும் கம்மியாதான் இருக்கும், ஏன்னா பிரீமியம், ஸ்கூல் பீஸ் மாதிரி எப்பவாச்சும் வர்றதெல்லாம் அதுல விட்டுப்போயிடும். ஒரு வருஷத்துக்கான செலவு கையில இருக்கட்டும், லென்ஸ் வாங்குற காசு தனி. கம்பெனி குடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோட போயிடும், அதனால சொந்தமா ஒண்ணு இப்பவே எடுத்து வைங்க.

வயசு பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. அமெரிக்க பேஷன் டிசைனர் வேரா வாங் கல்யாண டிரஸ் டிசைன் பண்ண இறங்குனப்ப அவங்களுக்கு 40 வயசு, ஆனா அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா பேஷன் மேகசின்ல எடிட்டரா இருந்தவங்க, ஒண்ணுமே தெரியாம வரல. உங்க பழைய வேலைல இருந்து எத கூட எடுத்துட்டு போறீங்கன்னு பாருங்க, கணக்கு பாக்குறதோ, ஆளுங்கள சமாளிக்கிறதோ, எதாச்சும் இருக்கும். வேலைய விடாமலே பிடிச்சத பண்றதும் ஒரு வழிதான். அமெரிக்க கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனில வைஸ் பிரசிடென்டா இருந்துகிட்டே கவிதை எழுதி 1955ல புலிட்சர் பரிசு வாங்குனவரு.

வீட்டுல "எனக்கு இதுதான் சந்தோஷம்"னு மட்டும் சொன்னா சண்டைதான் வரும். எத்தன மாசம் பாப்போம், சேவிங்ஸ் எவ்ளோவுக்கு கீழ போனா திரும்ப வேலை தேடுவோம்னு ரெண்டு பேரும் சேந்து எழுதி வைங்க. நோட்டீஸ் பீரியட்ல மேனேஜர்கிட்ட பழைய கணக்கெல்லாம் தீக்காம ஹேண்டோவர ஒழுங்கா முடிச்சு குடுங்க, மொத பெரிய ஆர்டர் அந்த ஆபீஸ்ல இருந்தே வர சான்ஸ் இருக்கு.