மெட்டாலிக் மை: ஃபைல் முதல் அச்சு வரை

திரையில் தங்கமாகத் தெரிவதெல்லாம் தாளில் மின்னாது. சிஎம்ஒய்கே எனப்படும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை எப்படிக் கலந்தாலும் கடைசியில் கிடைப்பது கடுகு நிறம்தான். மின்ன வேண்டுமென்றால் மையிலேயே உலோகம் இருக்க வேண்டும். வெள்ளி மையில் இருப்பது அலுமினியம். தங்க மையில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. தட்டையான பொடிச் செதில்கள் தாளின் மேல் படிந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அவ்வளவுதான் ரகசியம்.

அதனால் முதல் வேலை டிசைன் இல்லை, தாள். பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். பூச்சில்லாத தாளில் மை உள்ளே இறங்கிவிடும், செதில்கள் கண்டபடி சாய்ந்துவிடும். வெள்ளி வெறும் சாம்பல் நிறமாகிவிடும். தாளில் மிச்சம் பிடித்துவிட்டு மெட்டாலிக்குக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

அடுத்து ஃபைல். மெட்டாலிக் மைக்குத் தனி பிளேட், அதாவது தனி அச்சுத் தகடு, வேண்டும். டிசைன் மென்பொருளான இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ புது ஸ்வாட்ச் (நிறப் பதிவு) எடுத்து, கலர் டைப்பை ‘ஸ்பாட்’ (நான்கு மைகளில் கலக்காமல் தனி மையாக அச்சாகும் நிறம்) என்று மாற்றுங்கள். வெள்ளிக்கு வழக்கமாக எடுப்பது பான்டோன் என்ற நிற எண் பட்டியலில் 877. 871 முதல் 876 வரை தங்கமும் செம்பும். ஓரிடத்தில் ‘877’, இன்னோரிடத்தில் ‘சில்வர்’ என்று பெயர் வைத்தால் இரண்டு பிளேட் விழும். அனுப்புவதற்கு முன், பிளேட்களைத் தனித்தனியாகக் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவ்யூவைத் திறந்து பாருங்கள்: நான்கு நிறத்தோடு ஒரே ஒரு மெட்டாலிக் என்றால் ஐந்து பிளேட், அதற்கு மேல் இருக்கக் கூடாது.

டிசைனில் மெட்டாலிக்கை முழு நிறமாகவே பயன்படுத்துங்கள். 30 சதவீதச் சாயலாக்கினால் மை சிறு புள்ளிகளாக விழும், அவற்றுக்கு இடையே தாள் தெரிந்து பளபளப்பு போய்விடும். பொடி எழுத்தும் மெல்லிய கோடும் வேண்டாம்.

கொஞ்சம் துணிந்தவர்களுக்கு ஒன்று: வெள்ளியை முதலில் அச்சடித்து, அதன்மேல் சிஎம்ஒய்கே நிறங்களை அடித்தால் உலோக நீலம், உலோகச் சிவப்பு எல்லாம் கிடைக்கும். நான்கு நிற மைகளும் ஒளி ஊடுருவக்கூடியவை என்பதால்தான் இது நடக்கிறது. மேலே வரும் நிறத்துக்கு ‘ஓவர்பிரிண்ட்’ போட மறக்காதீர்கள். போடாவிட்டால் வெள்ளி பிளேட்டில் அந்த இடம் வெட்டுப்பட்டுவிடும், கீழே மின்ன எதுவும் இருக்காது. எந்த மை முதலில் போக வேண்டும் என்பதை அச்சகத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி)? டிஜிட்டல் ப்ரூஃபில் எழுத்துப்பிழை பார்க்கலாம், மினுமினுப்பைப் பார்க்க முடியாது. அச்சாகப் போகும் அதே தாளில் கொஞ்சம் மையைத் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மெட்டாலிக் மை காயவும் நேரமெடுக்கும், விரல் பட்டால் தேயவும் செய்யும். மேலே ஒரு வார்னிஷ் கொடுப்பது நல்லது. மேட் லேமினேஷன் போட்டால் மினுக்கம் மங்கும். லெட்டர்ஹெட் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அது பிறகு லேசர் பிரிண்டருக்குள் போகுமா? போகும் என்றால் முன்கூட்டியே அச்சகத்தில் சொல்லுங்கள். பிரிண்டரின் சூட்டில் சாதாரண மெட்டாலிக் மை உரிந்து உருளையில் ஒட்டிக்கொள்ளலாம்.