வன்னி வெக்கையில் குடல் ஓமோனைப் பிசகாமல் அளக்க

எலைசா கிற் (ஓமோனைப் பிறபொருளெதிரியால் பிடித்து நிறத்தால் அளக்கும் பொதி) வந்துவிட்டது, குழித்தட்டின் நிறத்தை வாசிக்கும் பிளேற் ரீடரும் இருக்கிறது, இனி அளக்க வேண்டியதுதானே என்று தொடங்குகிற மாணவர்களுக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் ஓமோன் விடயத்தில் பெரும்பாலான பிழை பிளேற்றுக்கு வருவதற்கு முன்னமே நடந்து முடிந்துவிடும். ஊசி குத்தின நேரத்திலிருந்து பிளாஸ்மா பிரீசருக்குள் போகும் வரைக்கும் உள்ள இடைவெளிதான் ஆபத்தான இடம், அதுவும் பங்குனி சித்திரையில் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ மாதிரி எடுத்து வவுனியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை உயிராக நினைக்க வேண்டும்.

ஜிஎல்பி-1ஐ எடுங்கள். சாப்பிட்டதும் குடலிலிருந்து சுரந்து இன்சுலினைக் கூட்டுகிற ஓமோன். டிபிபி-4 என்ற நொதியம் அதன் முனையை வெட்டிவிடுவதால் செயற்படு வடிவம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு நிமிடமே போதும். அந்த நொதியம் ரியூப்புக்குள்ளும் சும்மா இருக்காது, சூடு கூடினால் இன்னும் வேகமாக வேலை செய்யும். ஆகவே செயற்படு வடிவத்தை அளப்பதென்றால் டிபிபி-4 தடுப்பான் இரத்தம் விழுவதற்கு முன்பே ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் வைக்கும் பொருள்) ரியூப்புக்குள் இருக்க வேண்டும், பிறகு போட்டுப் பயனில்லை. வேறு நொதியங்களைத் தடுக்கும் அப்ரோற்றினின் மட்டும் போட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள், அது டிபிபி-4ஐத் தடுக்காது.

கிராமத்தில் மாதிரி எடுப்பவர்களுக்கு என் யோசனை: கேள்வி ‘எவ்வளவு சுரக்கிறது’ என்பதாக இருந்தால் மொத்த ஜிஎல்பி-1ஐ அளக்கும் கிற்றை வாங்குங்கள். வெட்டுப்பட்ட வடிவத்தையும் சேர்த்துக் கணக்கெடுப்பதால் அது வழியில் நடக்கும் இழப்பை ஓரளவு தாங்கும். வெறுவயிற்றில் இதன் அளவு லீற்றருக்குச் சில பிகோமோல்தான், அதனால் கிற்றின் கீழ் எல்லையைப் பார்க்காமல் காசைக் கட்டாதீர்கள். பசி ஓமோன் கிரெலின் இன்னும் சிரமம். கொழுப்பமிலம் ஒட்டியிருக்கும் அதன் அசைல் வடிவம் வேண்டுமென்றால், அந்த ஒட்டை வெட்டும் எஸ்ரரேஸ் நொதியத்துக்குத் தடுப்பான் போட்டு, பிளாஸ்மாவைப் பிரித்தவுடன் ஐதரோகுளோரிக்கமிலத்தால் அமிலமாக்க வேண்டும்.

ஐஸ் நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை, முல்லைத்தீவுக் கரைப்பக்கம் மீனுக்குப் போடுகிற ஐஸே போதும். ரெஜிபோம் பெட்டியில் நொறுக்கிய ஐஸோடு கொஞ்சம் தண்ணீரும் விடுங்கள். ரியூப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் குளிர் முழுதாகப் பிடிக்கும். உலர் ஐஸில் முழு இரத்தத்தை வைக்கவே கூடாது, கலங்கள் உறைந்து வெடித்துவிடும். அரை மணித்தியாலத்துக்குள் 4 பாகையில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, சிறு சிறு பங்காக மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு பங்கு ஒருதரம் மட்டும் உருக வேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்குள் வவுனியா போய்ச்சேர முடியாது, எனவே சென்ரிபியூஜை மாதிரி எடுக்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம், ஆட்களிடம் கேளுங்கள். மெற்போமின் குடிக்கிறார்களா? அது ஜிஎல்பி-1ஐக் கூட்டும். கஸ்ரிக்குக்கு ஒமெப்பிரசோல்? அது வயிற்று அமிலத்தைச் சுரக்கவைக்கும் காஸ்ரின் என்ற ஓமோனை உயர்த்திவிடும், ஆனால் மருந்தை நிறுத்துவது டொக்டரின் முடிவு, உங்களுடையது அல்ல. முதல்நாள் வெள்ளி விரதமா, கோயில் விரதமா என்றும் கேளுங்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவரின் வெறுவயிற்று மாதிரியை இரவு புட்டு சாப்பிட்டவரின் மாதிரியோடு ஒப்பிட முடியாது.

சரி, பிளேற்றுக்கு வருவோம். கிற் தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று இருந்தால் பொதுவாக அது 18 முதல் 25 பாகை. ஏசி இல்லாத நம் அறை மத்தியானத்தில் 33ஐத் தாண்டும், நிறம் வேகமாக ஏறும், வெற்றுக் குழிகூட நிறம் காட்டும். பிளேற்றை மூடி வையுங்கள், இல்லையென்றால் ஓரக் குழிகள் காய்ந்து நடுக் குழிகளிலிருந்து வேறுபடும். ஓமோன் அளவு தெரிந்த நியமக் கரைசல்களை ஒவ்வொரு பிளேற்றிலும் போட வேண்டும், அவற்றின் நிறத்தை வைத்து நேற்று வரைந்த வளைகோடு இன்றைக்குச் செல்லாது. ஒவ்வொரு மாதிரியையும் இரட்டையாகப் போடுங்கள், ஒரே ஆளின் சாப்பாட்டுக்கு முந்திய மாதிரியும் பிந்தியதும் ஒரே பிளேற்றில் இருக்கட்டும். நிறுத்தும் அமிலத்தை நிறக்கரைசல் விட்ட அதே ஒழுங்கில், அதே வேகத்தில் விடுங்கள். வளைகோட்டை நேர்கோடாக இழுக்காமல் நான்கு பரமான முறையில் (S வடிவ வளைகோடாக) பொருத்தி, நியமங்களையே திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 வீதத்துக்கு மேல் விலகும் நியமம் இருந்தால் அந்தப் பகுதியில் விழுந்த முடிவுகளை நம்ப வேண்டாம்.

சந்தேகமான எண் வந்தால் ஐதாக்கி மறுபடி பாருங்கள். இரண்டு பிறபொருளெதிரிகளுக்கு இடையில் ஓமோனைப் பிடிக்கிற முறையில், ஓமோன் மிதமிஞ்சி இருந்தால் இரண்டும் தனித்தனியாக நிரம்பிப்போய் முடிவு பொய்யாகக் குறைந்து வரும். ஐதாக்கிப் பெருக்கினதும் எண் ஏறினால் அதுதான் காரணம். தலைமயிருக்கென்று பயோற்றின் மாத்திரை எடுப்பவர்களையும் விசாரியுங்கள், பயோற்றின்–ஸ்ரெப்ராவிடின் பிணைப்பில் ஓடுகிற கிற்களை அது குழப்பும்.

வன்னியில் இன்னொன்றையும் விடவே கூடாது. வவுனியாப் பக்கம் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள இடம். சிறுநீரகம் பழுதானவரில் வெட்டுப்பட்ட ஜிஎல்பி-1, இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்ரைட்டு எல்லாம் வெளியேறாமல் தேங்கி உயர்ந்து காட்டும், கூடச் சுரந்ததென்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினினை இரத்தத்தில் சேர்த்து அளவெடுங்கள். சிறுநீரில் கிம்-1, என்ஜிஏஎல் போன்ற சிறுநீரகக் குறிகாட்டிகளை அளப்பவர்கள் சிறுநீரைச் சுழற்றி மண்டியை நீக்கிவிட்டு உறையவிடுங்கள், முடிவைச் சிறுநீர்க் கிரியற்றினினுக்கு விகிதமாக எழுதுங்கள். வயலில் நின்று தண்ணீர் குடிக்காமல் வந்தவரின் சிறுநீர் செறிந்திருக்கும், வெறும் செறிவை மட்டும் பார்த்தால் நல்ல சிறுநீரகமும் நோயாகத் தெரியும்.