புல்கெண்டையின் சதை இறுக ஃபாபா பீன்ஸ்

புல்கெண்டை வளர்க்கிற நான் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை, "சதை கொழகொழன்னு இருக்கு, குழம்புல உடையுது" என்பதுதான். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், ஜோங்ஷான் பக்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு முந்தைய 3, 4 மாதம் மீனுக்கு ஃபாபா பீன்ஸ்தான் தீனி. வட மாநிலங்களில் பாக்லா என்று விற்கிறதே, அதே விதை.

குஞ்சுகளுக்கு வேண்டாம், 2 கிலோ தாண்டிய மீன்தான் சரி. முதலில் இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள், இல்லையென்றால் பீன்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. காய்ந்த விதையை ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். விரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக் கழன்று, பருப்பு இரண்டாகப் பிளக்க வேண்டும். அப்புறம் தீனித் தட்டில் வைத்து இறக்குங்கள். மிச்சம் கிடந்தால் மறுநாள் குறைத்துவிடுங்கள், ஊறிய விதை தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: ஃபாபா பீன்ஸில் உள்ள வைசின் என்ற வேதிப்பொருள் மீனின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனால் ஆக்சிஜன் குறைந்தால் இந்த மீன்கள் தாங்காது. விடியற்காலையில் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் கட்டாயம் ஓட வேண்டும். இன்னும் இறுகட்டும் என்று அந்த 3, 4 மாதத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள், மீன் செத்து மிதக்கும்.

பதம் பார்க்க ஒரு மீனை அறுத்து, மெல்லிய துண்டைக் கொதிநீரில் போடுங்கள். துண்டு உடையாமல் சுருண்டு, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். தசை இழைகள் மெலிந்து நெருங்கி, கொலாஜன் என்ற புரதம் கூடியதால் வரும் இறுக்கம் அது. பீன்ஸ் கொடுக்கும் காலத்தில் எடை மெதுவாகத்தான் ஏறும். ஆகவே கூடுதல் விலை தரும் ஆளை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.