பசங்களுக்கு ஒரு வீடு: நடத்த நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

'மாடி காலியாத்தான் இருக்கு, ஆதரவில்லாத பிள்ளைங்க நாலு பேரை வச்சுப் பார்த்துக்கலாமா?' என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சட்டத்தைத்தான் எடுத்து வைப்பேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். எந்தப் பையனும் குழந்தைகள் நலக் குழுவின் (ஆதரவில்லாத பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் மாவட்டக் குழு) எழுத்துப்பூர்வமான உத்தரவோடுதான் உங்கள் வாசலுக்கு வர வேண்டும். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு இரவுக்குக்கூட யாரையும் சேர்க்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் உட்கார்ந்து கேளுங்கள், நடைமுறையைச் சொல்வார்கள்.

நூறு பேர் வரிசையில் தட்டேந்தி நிற்கும் இல்லங்கள் ஒரு வகை. நானும் என் கணவரும் திருச்சிப் பக்கம் நடத்துவது வேறு வகை. குழுவாக வளர்ப்புப் பராமரிப்பு என்பார்கள். ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, நம் சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. எங்களிடம் இருப்பவர்கள் எல்லாம் 12 வயதுக்கு மேற்பட்ட பையன்கள். அடி, பசி, தெரு, செங்கல் சூளை என்று ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆற்றுப்படுத்துநர் பேசுகிறார். தேவைப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கிறோம். மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கும், கொடுத்த நேரம் நோட்டில் ஏறும். ஆனால் மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தானே கழிகிறது? நாளைக்கு என்ன நடக்கும் என்று பையனுக்கு முன்கூட்டியே தெரிகிற வீடாக அது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வைத்தியம் பெரும்பாலும் இதுதான்.

முதல் நாளிலிருந்தே ஆரம்பியுங்கள். பையன் பெரும்பாலும் துணிக்கடைப் பை ஒன்றோடு வருவான். அதை எல்லோர் முன்னாலும் கொட்டிச் சோதிக்காதீர்கள். பிளேடு, ஹான்ஸ் பொட்டலம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். தனியறையில், அவன் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். நாற்றமடிக்கிற சட்டை ஒன்று இருந்தால் கேட்காமல் துவைக்காதீர்கள், அதில் யாருடைய வாசம் இருக்கிறதோ. கழிவறைத் தாழ்ப்பாள் எப்படி மாட்டுவது, ராத்திரி எந்த விளக்கு எரியும், நாம் எந்த அறையில் படுக்கிறோம், எப்படிக் கதவைத் தட்டுவது, இவ்வளவும் காட்டினால் போதும். கதை கேட்க வேண்டாம். போலீஸ், டாக்டர், குழு என்று எல்லோரிடமும் அவன் ஏற்கெனவே சொல்லி அலுத்திருப்பான். நமக்குத் தேவையானது சமூக விசாரணை அறிக்கையில், அதாவது அவன் குடும்பத்தையும் பின்னணியையும் விசாரித்து எழுதியதில், இருக்கிறது, அவன் வருவதற்கு முன்பே படித்துவிடுங்கள். 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லவும் வேண்டாம். பலருக்கு அம்மா எங்கோ உயிரோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் நாங்கள் அத்தை, மாமா.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக வந்தவன் தலையணைக்கு அடியில் பிஸ்கட் வைப்பான், ஸ்கூல் பையில் இட்லி ஊசிப்போய்க் கிடக்கும். திருட்டு என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். பசித்த வயிறு செய்கிற முன்னேற்பாடு அது. நாங்கள் ஒவ்வொருவனுக்கும் மூடி போட்ட டப்பா கொடுத்துவிடுகிறோம், எறும்பாவது வராது. சமையலறையில் பொரிகடலையும் வாழைப்பழமும் எந்நேரமும் திறந்தே இருக்கும், ஃபிரிட்ஜுக்குப் பூட்டு கிடையாது. வாரத்துக்கான சமையல் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி என்று எழுதினால் கறிதான். கறிக்கடை மூடியிருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், தட்டு போட்ட பிறகு சொல்லாதீர்கள். டப்பா காலியாகவே கிடக்க ஆரம்பிக்க மாதக்கணக்கில் ஆகும். என்ன சேட்டை செய்தாலும் சோற்றை நிறுத்துவது தண்டனையாகக் கூடாது. வீட்டுக்குப் போன் பேசுவதும் அப்படித்தான்.

பதினாலு வயதுப் பையன் படுக்கையை நனைப்பதும் உண்டு. எல்லா மெத்தைக்கும் ரெக்ஸின் விரிப்பு போடுங்கள், அவனுடையதற்கு மட்டும் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மாற்று விரிப்பு குளியலறை அலமாரியில் இருக்கட்டும். அவனே மாற்றிக்கொண்டு படுத்துவிடுவான்.

கோபம் வந்து தட்டை எறிகிறான் என்றால், முதலில் மற்றவர்களை மாமா மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பார்வையாளர்கள் இருந்தால் அவனால் இறங்கி வர முடியாது. கதவை மறைத்து நிற்காதீர்கள், தொடாதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள், 'ஏன்டா இப்படிப் பண்ற?' என்று கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது. அவன் ஆறி, சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சு. உடைந்தது தட்டு என்றால் அவனையே கடைக்குக் கூட்டிப் போய்ப் புதுத் தட்டு வாங்கி வாருங்கள். கை ஓங்குவது பற்றிப் பேச்சே இல்லை. இல்லத்தில் அடிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம், அடி வாங்கி வந்தவனை மறுபடி அடித்து என்ன கற்றுக்கொடுக்கப்போகிறோம்?

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் 1967-இல் 'அச்சீவ்மென்ட் பிளேஸ்' என்று ஒரு வீடு தொடங்கினார்கள். ஒரு தம்பதி, கூட ஆறிலிருந்து எட்டுப் பையன்கள். நல்ல நடத்தைக்குப் புள்ளி, புள்ளிக்குச் சலுகை. பல வீடுகள் அதைப் பார்த்து வந்தவைதான். புள்ளி அட்டை எனக்கு ஒத்துவரவில்லை, பசங்கள் வட்டிக் கடைக்காரர் மாதிரிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசும் அவர்கள் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். யார் என் ஷாம்பூவை எடுத்தது, சார்ஜர் முறை யாருக்கு, ஐபிஎல் நாளில் எத்தனை மணி வரை டிவி, எல்லாம் அங்கே. அவர்கள் முடிவு செய்ததை நாம் தனியாக மாற்றக் கூடாது. அப்புறம் அந்தக் கூட்டத்துக்கு மதிப்பே இருக்காது.

பெற்றவர்கள் பார்க்க வருவது தனிக் கதை. அம்மா சனிக்கிழமை வருகிறாள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு அவள் வராவிட்டால், அந்த வாரமே போச்சு. 'பஸ் ஏறிட்டேன்' என்று அவள் போன் வந்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். வராதவளைத் திட்டுவதும் கிடையாது. அவன் திட்டலாம், நாம் கூடாது.

வெளியாட்கள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருபவர்கள் கேக் வெட்டி, பசங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கக் கேட்பார்கள். சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதுவும் வெளியே போகக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும், தன் சோற்றுக்காக யாருக்கோ வாழ்த்துப் பாடுவது ஒரு பதினைந்து வயதுக்காரனுக்கு எவ்வளவு கேவலமாக இருக்கும்! அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நன்றி சொல்லிவிடுங்கள்.

ஒருவன் ராத்திரி வந்து 'யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை' என்று ஆரம்பித்தால், சரி என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது பாலியல் கொடுமையாக இருந்தால் போக்சோ சட்டப்படி நாம் சொல்லியே ஆக வேண்டும். 'உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்டன்னு உனக்கும் சொல்லிடுவேன்' என்று சொல்லுங்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், குறுக்கு விசாரணை வேண்டாம். போலீசுக்குத் தகவல் போக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். ஓடிப்போனாலும் உடனே போலீசுக்கும் குழுவுக்கும் தகவல். திரும்பி வந்தவனிடம் முதல் கேள்வி 'சாப்டியா?'

எழுத்து வேலையைச் சலித்துக்கொள்ளாதீர்கள். படிவம் 7, அதாவது தனிநபர் பராமரிப்புத் திட்டம், பையனை உட்கார வைத்து எழுத வேண்டியது. 'டூவீலர் மெக்கானிக் ஆகணும்' என்றால் அப்படியே எழுதுங்கள், 'கல்வியில் ஆர்வம்' என்று மாற்றாதீர்கள். நீங்கள் விடுப்பில் போகும் தேதியைக் காலண்டரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் குறியுங்கள், திரும்பும் தேதியையும் சேர்த்து. விடுப்பு கட்டாயம் எடுங்கள், தூக்கமில்லாதவர்களால் பொறுமையாக இருக்க முடியாது.

பதினெட்டில் அவன் வெளியே போவதற்கான ஏற்பாட்டைப் பதினைந்து வயதிலேயே தொடங்கிவிடுங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரு கோப்பில், நகல் அவனிடம். ஓபி சீட்டு வாங்குவது, ஏடிஎம், குக்கரில் சோறு வைப்பது எல்லாம் பழக்குங்கள். 18 முடிந்தாலும் 21 வரை பிற்காப்பு உதவிக்கு, அதாவது வெளியே போனவன் சொந்தக் காலில் நிற்கத் தரும் உதவிக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் வழி உண்டு. அதற்கான விண்ணப்பத்தைப் பிறந்தநாள் வரை தள்ளிப்போடாமல் சில மாதங்களுக்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்துப் பேசிவிடுங்கள். தீபாவளிக்கு எங்கே போவான் என்பதையும் அப்போதே அவனிடம் கேட்டு வையுங்கள்.